பதினாறு மில்லி விநாடிக்குள் ஒரு சித்திரம்

விளையாட்டுக்கென்றே ஒரு கம்ப்யூட்டரைத் தம் கையால் கோத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையுடன் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் முதன்முறையாக நுழைகிற இளைஞர்கள், கடைக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி அநேகமாகப் பிராசசரைப் பற்றியதாகவே இருக்கிறது. ஐ-5 போதுமா, ஐ-7 தான் வேண்டுமா, ரைசன் எப்படி என்றெல்லாம் விசாரித்து, கையிலிருப்பதில் பெரும்பங்கை அதற்கே கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஏனைய சாமான்களுக்குப் பங்கிடுவது வழக்கமாகிவிட்டது. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கப்படும் மானிட்டரிலிருந்து கணக்கை ஆரம்பிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

திரையில் நாம் காண்கிற ஓட்டமும் பாய்ச்சலும், அசையாச் சித்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து வருவதால் கண்ணுக்கு உண்டாகும் பிரமை. விநாடிக்கு 60 சித்திரங்கள் வேண்டுமென்றால், பகைவன் எங்கே நிற்கிறான், விட்ட குண்டு எதில் பட்டது, சுவரில் நிழல் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பவற்றையெல்லாம் நிச்சயித்து, அந்தச் சித்திரத்தைப் புள்ளி புள்ளியாகத் தீட்டி முடிப்பதற்கு யந்திரத்துக்குக் கிடைக்கிற அவகாசம் 16.67 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை முழுமையாக உபயோகிக்க விரும்புவோருக்கோ அது 6.94 ஆகச் சுருங்கிவிடுகிறது. புள்ளிகளின் தொகையும் அற்பமானதன்று. 1920-க்கு 1080 என்ற அளவுள்ள சாதாரணத் திரையில் 20,73,600 புள்ளிகள். 2560-க்கு 1440 ஆனால் 36,86,400. 4கே எனப்படும் திரையில் 82,94,400, அதாவது முதலில் சொன்னதைப்போல் சரியாக நான்கு மடங்கு. எந்தத் திரை, எத்தனை ஹெர்ட்ஸ் என்பதை நிச்சயிக்காமல் கார்டு வாங்கப் போகிறவர், செய்ய வேண்டிய வேலை எவ்வளவு என்று தெரியாமலே ஆள் அமர்த்தப் போகிறார்.

இந்த வேலையைப் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. பிராசசர் தன் பாகத்தை 10 மில்லி விநாடியிலும், கார்டு தன் பாகத்தை 15 மில்லி விநாடியிலும் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். கார்டு இந்தச் சித்திரத்தைத் தீட்டிக்கொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்த சித்திரத்துக்கான கணக்கில் இறங்கிவிடுவதால், இரண்டு காலங்களையும் கூட்ட வேண்டியதில்லை. பின்தங்குவது எதுவோ அதன் காலமே செல்லும். ஆகவே விநாடிக்கு 66 சித்திரங்களுக்குச் சற்று மேல் கிடைக்கும். இந்த நிலைமையில் இருமடங்கு வேகமுள்ள பிராசசரைக் கொண்டுவந்து பொருத்தினாலும் அதே 66 தான். திரையின் நுட்பத்தை, அதாவது புள்ளிகளின் தொகையைக் குறைத்துக் கார்டின் வேலையை 6 மில்லி விநாடியாக்கினால், அப்போது பிராசசர் பின்தங்கியதாகிவிடும். எண்ணிக்கை நூறோடு நின்றுபோகும். யந்திரத்தின் எந்த அவயவம் சுணங்குகிறது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய சோதனை வேறில்லை: நுட்பத்தைக் குறைத்துப் பாருங்கள், சித்திரங்கள் அதிகரித்தால் கார்டு, அதிகரிக்காவிட்டால் பெரும்பாலும் பிராசசர்.

1999-ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் ஜீபோர்ஸ் 256 என்ற கார்டை வெளியிட்டபோது, வடிவங்களைத் திருப்பியும் நகர்த்தியும் ஒளியூட்டியும் கணிக்கிற வேலையைப் பிராசசரிடமிருந்து கார்டுக்கே மாற்றி, அதற்கு ஜிபியு என்று பெயரும் சூட்டி விளம்பரம் செய்தது. அன்று தொடங்கிய மாற்றம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு, 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 என்ற நடுத்தரக் கார்டிலேயே 3072 கோர்கள் இருப்பது சாட்சி. ஆயினும் கார்டு வாங்குகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது அதன் சொந்த ஞாபகசக்தியை, அதாவது விராமை. 4060 கார்டின் 8 ஜிபி விராம் விநாடிக்கு 272 ஜிபி வேகத்தில் தகவலைத் தரவல்லது. விளையாட்டின் சுவர்களும் முகங்களும் அந்த 8 ஜிபிக்குள் அடங்காமல் வழிந்துவிட்டாலோ, மிச்சத்தை மதர்போர்டின் பாதை வழியாக ராமிலிருந்து வரவழைக்க வேண்டும். அந்தப் பாதையின் வேகம் விநாடிக்குச் சுமார் 16 ஜிபி மட்டுமே. நன்றாக ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு திடீரென்று விக்கி விக்கி நகர்வதற்கு இது ஒரு பிரதான காரணம். அதே ஆண்டில் 4060 டிஐ என்ற கார்டு 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் ஒரே சில்லுடன் வெளிவந்தது. சில வருஷங்களுக்கு யந்திரத்தை மாற்றும் உத்தேசமில்லாதவருக்கு, சற்று அதிக வேகத்துக்குக் கொடுக்கும் பணத்தைக் காட்டிலும் அதிக விராமுக்குக் கொடுக்கும் பணமே பிரயோஜனப்படும் என்று நான் கருதுகிறேன்.

பிராசசர் விஷயத்திலும் கிகாஹெர்ட்ஸ் என்ற எண் பலரை மயக்குகிறது. 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசர், வேண்டிய தகவல் தன்னிடம் இல்லாமல் ராமிடம் கேட்டுவிட்டு ஏறக்குறைய 70 நானோ விநாடி காத்திருக்குமானால், அதற்குள் முந்நூறுக்கு மேற்பட்ட துடிப்புகள் வீணாகின்றன. அடிக்கடி விற்கிற பருப்பையும் சீனியையும் கை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு வாடிக்கைக்காரருக்கும் பின்கட்டுக் கிட்டங்கிக்கு எழுந்துபோகிற மளிகைக் கடைக்காரரின் கதி அது. பிராசசருக்குள்ளேயே இருக்கிற கேஷ் என்ற சிறு சேமிப்பு இதற்காகவே ஏற்பட்டது. ஏஎம்டி 2022-இல் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி, அதன் முன்னோடியான 5800எக்ஸைவிட வேகத்தில் குறைந்ததாயினும், சில்லின்மேல் சில்லாக அடுக்கிக் கேஷை 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக உயர்த்தியதால், விளையாட்டுகள் பலவற்றில் அதை முந்திச் சென்றது.

ராமை ஒன்றாக வாங்காமல் இரண்டாக வாங்குவது நலம். பிராசசருக்கும் ராமுக்கும் இடையிலுள்ள இரண்டு வழிகளும் அப்போது ஒருங்கே வேலை செய்யும். டிடிஆர்4 ராமின் வெட்டும் டிடிஆர்5 ராமின் வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது. எஸ்எஸ்டி விளையாட்டு திறக்கும் நேரத்தைக் குறைக்குமே தவிர, சித்திரங்களின் எண்ணிக்கையைப் பெரும்பாலும் கூட்டாது.

எல்லோரும் கஞ்சத்தனம் காட்டுகிற இடம், யந்திரத்துக்கு மின்சாரம் அளிக்கும் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டுடன் இனாமாக வருகிற பெயர் தெரியாத பெட்டியே போதும் என்று திருப்தியடைந்துவிடுகிறார்கள். 650 வாட் எஸ்எம்பிஎஸ் எந்நேரமும் 650 வாட்டை விழுங்கும் என்று அஞ்சுவோரும் உண்டு. யந்திரம் 300 வாட் கேட்டால், 90 சதவீதத் திறனுள்ள எஸ்எம்பிஎஸ் மின் இணைப்பிலிருந்து எடுப்பது சுமார் 333 வாட். 80 சதவீதமானால் 375. வித்தியாசமெல்லாம் உஷ்ணமாகப் போகிறது. 4060 கார்டின் தேவை 115 வாட்தான். பெரிய கார்டுகளோ சில மில்லி விநாடிகளுக்குத் தம் சராசரியைக் கடந்து மின்சாரத்தை இழுப்பதால், ஓரளவு உபரி இருப்பது அவசியம்.

உஷ்ணத்தைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் பிரத்தியேகமாகக் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. கூலர் எவ்வளவு உயர்ந்ததானாலும், அறையின் காற்றைவிடச் சில்லை அது குளிர்விக்க முடியாது. 22 டிகிரி அறையில் 70 டிகிரி காட்டிய பிராசசர், 38 டிகிரியுள்ள சித்திரை மாதத்து அறையில், மற்றவை மாறாதிருந்தால், ஏறக்குறைய 86 டிகிரியைத் தொடும். குளிர்தேசத்து விமர்சகர்கள் தரும் எண்களைப் படிக்கும்போது இந்த வித்தியாசத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய அழகிய கேபினெட்டைவிட, வலை போட்ட கேபினெட்டே நமக்கு ஏற்றது.

பொருத்தும்போது அவசரம் கூடாது. ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்5 சாக்கெட்டின் மூடியைத் திறந்தால், ரோமத்தினும் மெல்லியவாகத் தோன்றும் 1718 கம்பிகள் வரிசையாகச் சாய்ந்து நிற்பதைக் காணலாம். விரல் பட்டு ஒன்று வளைந்தாலும் மதர்போர்டுக்கே ஆபத்து. பிராசசரின் மூலையிலுள்ள சிறு முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்துக்கு நேராக்கி, அழுத்தாமல் வைத்தால் தானாகவே அமரும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறந்து, பிராசசர் ஏன் இப்படிக் கொதிக்கிறது என்று திகைப்பவர்கள் அநேகர்.

யந்திரம் உயிர்பெற்றதும், பயாஸுக்குள் போய் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் 6000 என்று எண் பொறித்த ராம் 4800 போன்ற அடிப்படை வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டரின் கேபிளை மதர்போர்டின் பின்புறத்து இணைப்பில் செருகிவிட்டால், சில பிராசசர்களில் திரை இருண்டே கிடக்கும். மற்றவற்றில் படம் வரும், ஆனால் அதைத் தீட்டுவது பிராசசருக்குள் இருக்கும் சிறு கிராபிக்ஸ் பகுதியாக இருக்க, விலை கொடுத்து வாங்கிய கார்டு சும்மா இருக்கும். செருக வேண்டியது அதற்குக் கீழே, கார்டிலேயே இருக்கும் இணைப்பில்.