எழுபது வளைவுக்கு நாலு கண்

வழித்துணை – தொடர் 12

சென்ற வாரம் தொப்பூர்க் கணவாயின் இறக்கத்தைப் பார்த்தோம். இந்த வாரம் அதே 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, நாமக்கல்லில் பிரிந்து, சேந்தமங்கலம் போகிறோம். கொல்லிமலைக்கு ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சேந்தமங்கலத்தில் வெயில் அடிக்கிறது என்பதை வைத்து மலையின் நிலவரத்தைச் சொல்லிவிட முடியாது. கீழே சட்டை நனைய வேர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், ஆயிரம் மீட்டருக்கு மேலே சோளக்காட்டில் மேகம் இறங்கி முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாமல் போகும். அதனால் பழகியவர்கள் கிளம்புமுன் ஒரு போன் போடுவார்கள். "மேல எப்படிங்ணா இருக்குது? மேகம் எறங்கிருச்சுங்களா? வண்டி ஏறுதுங்களா?" மறுமுனையில் இருப்பவர் செம்மேட்டில் கடை வைத்திருப்பவராக இருக்கலாம், அப்போதுதான் இறங்கிவந்த பேருந்தின் நடத்துநராக இருக்கலாம், குச்சிக்கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டிருக்கும் ஓட்டுநராகவும் இருக்கலாம். "இப்ப வராதீங்க, ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க" என்று பதில் வந்தால், அந்த வண்டி சேந்தமங்கலத்திலேயே நின்றுவிடும்.

இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் போனில் பேசுபவர் தான் நிற்கும் இடத்தை மட்டுமே சொல்ல முடியும். செம்மேட்டில் வானம் வெளுத்திருக்கும், நடுப்பாதையில் மரம் விழுந்திருக்கும். இன்னொன்று, போன் போட மேலே ஓர் ஆள் தெரிந்திருக்க வேண்டும். திருச்சியிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் குடும்பத்தோடு காரில் வருகிறவர்களுக்கு மலையில் யாரைத் தெரியும்?

முடிவெடுக்கும் இடம்

சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாகப் போனால் அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து தொடங்குகின்றன எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ராசிபுரம் பக்கத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக ஏறும் பாதை ஒன்றும் இருக்கிறது. வளைவுகள் குறைவு, ஆனால் சேந்தமங்கலத்துக்காரருக்கு அது சுற்று. எந்தப் பாதையில் போவது, இப்போது போவதா, சாப்பிட்டுவிட்டுப் போவதா, நாளைக்குப் போவதா என்ற கேள்விகளுக்கெல்லாம் சேந்தமங்கலத்தில் இருக்கும்போதே விடை தெரிய வேண்டும். காரவள்ளியைத் தாண்டிப் பத்து வளைவு ஏறிய பிறகு கிடைக்கும் தகவலால் பெரிய பயன் இல்லை. அங்கே நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாது. பின்னால் வரிசை சேர்ந்துவிட்டால் சுத்தமாக முடியாது.

இந்த வளைவுகளில் பேருந்து திரும்பும்போது சாலையின் முழு அகலமும் அதற்கே வேண்டியிருக்கும். இறங்கும் வண்டி ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்கின்றன மோட்டார் வாகன ஓட்டுதல் விதிகள். மலையில் பிழைப்பவர்கள் அதை மதிக்கிறார்கள். முதன்முறை வருகிற கார்க்காரர் வளைவின் நடுவில் மூக்கை நுழைத்துவிட்டால், மேலேயும் கீழேயும் வண்டிகள் அடைத்துக்கொள்ளும். ஒரு லாரியின் அச்சு முறிந்தாலும் அதே கதை.

ஆடி 17, 18 தேதிகளில் இதன் உச்சத்தைப் பார்க்கலாம். கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரிக்கு அரசு விழா எடுக்கும் நாட்கள் அவை. அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள், ஆகாய கங்கையில் குளிக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போகிறவர்கள், சிலைக்கு மாலை போடப் போகிறவர்கள் என்று மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் மலை ஏறப் பார்க்கும். மேலே எத்தனை வண்டி சேர்ந்திருக்கிறது என்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. தெரிந்தால் பாதிப் பேர் மாலைக்குத் தள்ளிப்போடுவார்கள்.

காப்பிப் பாத்திரத்திலிருந்து சாலைக்கு

எழுந்து போகுமுன் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்ற எண்ணத்துக்கு வயது அதிகமில்லை. 1991இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில், வேறு அறைகளிலும் மாடிகளிலும் வேலை செய்தவர்கள் காப்பிக்காக நடந்து வந்து காலிப் பாத்திரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அலுத்துப்போய், பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமராவை வைத்து, படத்தை எல்லாருடைய கணினித் திரைக்கும் அனுப்பினார்கள். 1993இல் அது இணையத்துக்கு வந்தது. உலகின் முதல் வெப்கேம் என்று சொல்லப்படுவது அதுதான். வீண் நடையை மிச்சம் பிடிக்கப் பிறந்த கருவி அது.

சாலைக்குக் கேமரா அதற்கும் முன்பே வந்துவிட்டது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லாட்ஜ் விரைவுச் சாலையில் தொலைக்காட்சிக் கேமராக்களை வைத்துப் போக்குவரத்தைக் கண்காணித்தார்கள். ஆனால் அந்தப் படம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரிந்தது. சாலையில் போகிறவருக்கு அது போய்ச் சேர இணையம் வர வேண்டியிருந்தது.

இன்று சிங்கப்பூரில் இருக்கும் நம்மவர்களைக் கேளுங்கள். ஜொகூர் பாருவுக்குச் சாப்பிடவோ சாமான் வாங்கவோ கிளம்புமுன், உட்லண்ட்ஸ் பாலத்தின் கேமராவையும் துவாஸ் இரண்டாம் இணைப்பின் கேமராவையும் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்வார்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் அந்தப் படங்களை எல்லாருக்கும் திறந்தே வைத்திருக்கிறது. சேந்தமங்கலத்துக்காரருக்குக் காரவள்ளி, முள்ளுக்குறிச்சி என்ற இரண்டு வழி இருப்பதுபோல அவர்களுக்கும் இரண்டு வழி. அவர்கள் வீட்டிலேயே பார்த்து முடிவெடுக்கிறார்கள், நாம் போன் போட்டு முடிவெடுக்கிறோம்.

மலைக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். கோக்விஹல்லா போன்ற மலைச் சாலைகளில் பனி கொட்டினால் ஒரே இரவில் வழி அடைந்துவிடும். மாகாண அரசின் டிரைவ்பிசி தளத்தில் கணவாய்களின் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அங்கே வீடியோ ஓடுவதில்லை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறும் புகைப்படம்தான். தரை ஈரமா, வெள்ளையா, எதிரே எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்க அதுவே போதும்.

நம்மைப் பார்க்கும் கேமராக்கள்

நம் ஊரில் கேமராவுக்குப் பஞ்சம் இல்லை. சுங்கச்சாவடியில் இருக்கிறது, முக்கியச் சந்திப்புகளில் இருக்கிறது, பேருந்து நிலையத்தில் இருக்கிறது. ஆனால் அவையெல்லாம் நம்மைப் பார்ப்பவை. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் அதற்கான விதி வந்தது. வேகக் கேமரா, சிசிடிவி, எண் பலகையைத் தானே படிக்கும் கருவி என்று அந்த விதி அடுக்குவது அனைத்தும் தப்புச் செய்கிறவரைப் பிடிக்க. அது தேவைதான், அதில் சண்டை இல்லை. அதே கம்பத்தில், அதே மின்சாரத்தில், சாலை எப்படி இருக்கிறது என்று சாலையில் போகிறவருக்கும் காட்டலாமே என்று யாரும் யோசிக்கவில்லை என்பதுதான் என் வழக்கு.

மலைகளுக்குக் கூட்டம் அதிகமாகிறது என்பதை அரசும் நீதிமன்றமும் உணர்ந்திருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. எத்தனை பேர் வருகிறார்கள் என்று அதிகாரிகளுக்குத் தெரிய இது உதவுகிறது. ஆனால் பாஸ் கையில் இருப்பவருக்குப் பர்லியாறு பக்கத்தில் மண் சரிந்திருக்கிறதா என்று அது சொல்லாது.

அதைச் சொல்லும் வழக்கம் இதே 44ஆம் நெடுஞ்சாலையின் மறுகோடியில் இருக்கிறது. ஜம்முவுக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே இன்று எந்தத் திசையில் கனரக வண்டிகளை விடுவோம், எத்தனை மணிக்குள் வந்து சேர வேண்டும், எங்கே ஒருவழி என்று அங்குள்ள போக்குவரத்துக் காவல் துறை தினமும் அறிவிக்கிறது. ஆப்பிள் ஏற்றப் போகும் நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆனாலும் இயற்கைக்கு முன்னால் அறிவிப்பு எடுபடாத நாட்கள் உண்டு. 2025 ஆகஸ்ட் இறுதியில் பெய்த பெருமழையில் உதம்பூர் பக்கம் சாலை சரிந்து, ஆப்பிள் லாரிகள் நாட்கணக்கில் நின்றன. அப்படிப்பட்ட நாளில் ஒரு படம் சாலையைத் திறந்துவிடாது. இன்னும் ஆயிரம் லாரி போய் அந்த வரிசையில் மாட்டாமல் தடுக்கும்.

கூகுள் மேப் போதாதா?

'கையில் மேப் இருக்கும்போது கேமரா எதற்கு?' என்று கேட்கலாம். மேப்பில் தெரியும் சிவப்பும் பச்சையும் சாலையைப் பார்த்துப் போட்ட நிறங்கள் அல்ல. அந்தச் சாலையில் போகும் அலைபேசிகள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதை வைத்துப் போட்ட கணக்கு. 2020இல் ஜெர்மனியைச் சேர்ந்த சிமோன் வெக்கர்ட் என்ற கலைஞர், 99 அலைபேசிகளை ஒரு சிறு தள்ளுவண்டியில் போட்டு பெர்லினின் காலித் தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தார். மேப்பில் அந்தத் தெரு சிவப்பாகிவிட்டது.

கொல்லிமலையில் நேர்மாறான சிக்கல். சிக்னல் விட்டுவிட்டு வரும், வண்டிகளும் குறைவு. பத்து அலைபேசி இல்லாத சாலையைப் பற்றி மேப்புக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மெதுவாகப் போவது மேகத்தாலா, மாட்டாலா, விழுந்த பாறையாலா என்றும் தெரியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. அந்த மாதிரி நேரத்தில் ஓட்டுநருக்கு நிறம் வேண்டாம், சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

எங்கே வைப்பது?

எழுபது வளைவுக்கு எழுபது கேமரா வேண்டாம். நாலு போதும். ஒன்று காரவள்ளியில்: அடிவாரத்தில் வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்க. இரண்டாவது பாதையின் நடுவில், மேகம் தங்குகிற வளைவில். அந்த இடம் எது என்று பேருந்து ஓட்டுநர்களைக் கேட்டால் எண்ணோடு சொல்வார்கள். வளைவுகளுக்கு எண் போட்டிருப்பது இந்த மலையின் பெரிய வசதி. '36இல் மரம்' என்றால் போதும், அதுவே முகவரி. மூன்றாவது மேலே சோளக்காட்டில். நாலாவது முள்ளுக்குறிச்சிப் பாதையில், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க.

சூரியத் தகடு, ஒரு மின்கலம், சிம் கார்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம். தொடர்ந்து வீடியோ அனுப்பும் அளவுக்கு மலையில் சிக்னல் இல்லை, புகைப்படமோ சில நொடி சிக்னலிலும் வந்துவிடும். கேமராவுக்கு எதிரே இருபது, ஐம்பது, நூறு மீட்டரில் வெள்ளையடித்த கற்களை நட்டுவைத்தால் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதைக் குழந்தைகூடச் சொல்லும். எந்தக் கல் வரை தெரிகிறது என்று எண்ணினால் போதும். மழைக்காலத்தில் மின்கலம் தீர்ந்து படம் நின்றுபோகும் நாளும் வரும். அதனால் படத்தின் மேல் எடுத்த நேரம் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். காலை ஏழு மணிப் படத்தை மதியம் இரண்டு மணிக்குப் பார்த்து ஏறுவது, பார்க்காமல் ஏறுவதைவிட ஆபத்து.

இன்னொரு கவலை நியாயமானது. மலைக்கு யார் யாரோடு போகிறார்கள் என்று ஊரே பார்ப்பதா? லண்டன் போக்குவரத்துக் கழகம் 'ஜாம்கேம்' என்ற பெயரில் நூற்றுக்கணக்கான கேமராக்களின் காட்சியைப் பொதுமக்களுக்குத் தருகிறது. எண் பலகையோ முகமோ படிக்க முடியாத அளவுக்குத் தெளிவு குறைந்த படம் அது. அதிகாரிகளுக்குக் கேமரா தேவைப்படும் நேரத்தில் அது பயன்பாட்டில் இருக்கிறது என்று ஒரு வாசகம் போட்டு மறைத்தும் விடுகிறார்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்ன நாட்டில், தெளிவு குறைந்த படம்தான் சரி. வழி பார்க்க அது தாராளம்.

படத்தை இணையத்தில் மட்டும் போட்டால் பாதி வேலைதான். சேந்தமங்கலம் பேருந்து நிலையத்திலும், காளப்பநாயக்கன்பட்டியில் மலைக்குத் திரும்பும் இடத்திலும் ஒரு திரை வேண்டும். அன்னாசியும் மிளகும் விற்க இறங்கிவந்து கடைசிப் பேருந்துக்குக் காத்திருக்கும் மலைக்காரருக்கு, பேருந்து ஏறுமா என்று தெரிந்துகொள்ளும் உரிமை சுற்றுலாக்காரருக்கு முன்பாகவே உண்டு. முடிவெடுக்கும் இடத்தில் காட்டப்படாத கேமரா எத்தனை உயரத்தில் இருந்தாலும் பயணிக்கு உதவாது.

மாவட்ட நிர்வாகம் ஆடிப் பெருக்குக்கு ஆண்டுதோறும் கூட்டம் போட்டுத் திட்டமிடுகிறது. அடுத்த கூட்டத்தில் இந்த நாலு கேமராவையும் இரண்டு திரையையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். விழா முடிந்ததும் கழற்றிவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அவற்றுக்கு உண்மையான வேலை இருக்கிறது.

*அடுத்த வாரம்: இருபத்தேழு வளைவு, மாலை ஆறு மணிக்குக் கனரக வண்டிகளுக்கு மூடும் வழி. திம்பத்தில் சிறுத்தைக்கும் லாரிக்கும் நடுவே உயர் நீதிமன்றம் போட்ட கோடு.*

(தொடரும்)