கலைத்து அனுப்பு, அடுக்கிப் படி

2003-ல் 501 ரூபாய் கட்டிவிட்டு ரிலையன்ஸ் போனோடு வீடு திரும்பியவர்கள் நிறைய. அந்த போன் இயங்கியது சிடிஎம்ஏ முறையில். அமெரிக்காவின் குவால்காம் நிறுவனம் உருவாக்கி, 1993-ல் ஐஎஸ்-95 என்ற பெயரில் தரநிலையான தொழில்நுட்பம் அது. எல்லோரும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் பேசலாம். ஆளுக்கொரு குறியீட்டைக் கொண்டு பேச்சை அகலமாகப் பரப்பி அனுப்புவதால் ஒன்றோடொன்று குழம்பாது. இதைத்தான் அதன் பெருமையாகச் சொன்னார்கள். என்னைக் கேட்டால், பரப்பலுக்குப் புகழ் கொஞ்சம் கூடுதலாகவே போய்விட்டது. பேச்சு அறுபடாமல் கேட்டதில் பிழைதிருத்தக் குறியீட்டுக்கும், பிட்டுகளைக் கலைத்து அனுப்பும் இன்டர்லீவிங்குக்கும் பெரும்பங்கு உண்டு.

போனுக்கும் டவருக்கும் இடையே அலை ஒரே வழியில் போவதில்லை. கட்டடம், லாரி, தண்ணீர்த் தொட்டி எனப் பட்டுத் தெறித்துப் பல வழிகளில் போய்ச் சேர்கிறது. 240 மீட்டருக்கு மேல் கூடுதலாகச் சுற்றி வரும் அலையை சிடிஎம்ஏ ரிசீவர் தனியே பிரித்துப் பயன்படுத்திக்கொள்ளும். பக்கத்துச் சுவரில் பட்டு வருவதைப் பிரிக்க முடியாது. அப்படி வருபவை சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். 800 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் அலைநீளம் ஏறக்குறைய 36 செ.மீ.; அதில் பாதி தூரத்துக்கு ஒருமுறை இப்படிப்பட்ட பள்ளம் வரலாம். 60 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு அது நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்தான்.

பள்ளத்தில் விழும்போது பிட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போவதில்லை, கொத்தாகப் போகின்றன. பிழைதிருத்தக் குறியீட்டுக்கு ஆகாதது இதுதான். அக்கம்பக்கத்தில் இருப்பதை வைத்தே அது காணாமல் போனதை ஊகிக்கும். அக்கம்பக்கமும் சேர்ந்து போய்விட்டால் ஊகிக்க ஒன்றுமில்லை. இங்கேதான் இன்டர்லீவிங் கைகொடுக்கிறது.

சிவகாசி, கடலூர், தென்காசி, ஆம்பூர் என்ற நான்கு பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதுங்கள். படிப்பதைப் போல இடமிருந்து வலமாக அனுப்பும்போது நடுவில் நான்கு எழுத்து போனால் கடலூர் முழுதாகக் காணாமல் போகலாம். மேலிருந்து கீழாக, சி-க-தெ-ஆ, வ-ட-ன்-ம் என அனுப்பினால்? மூன்றாவது பத்தி மொத்தமும் போனாலும் கையில் மிஞ்சுவது சிவ_சி, கட_ர், தென்_சி, ஆம்_ர். நான்கையும் நீங்களே நிரப்பிவிடுவீர்கள்.

ஐஎஸ்-95 போனும் இதையேதான் செய்தது, திசையை மட்டும் மாற்றி. 20 மில்லிநொடிப் பேச்சை, பிழை பார்க்கும் பிட்டுகளையும் சேர்த்து, 192 பிட்டுகளாக்கும். பிழைதிருத்தக் குறியீடு ஒவ்வொரு பிட்டுக்கும் மூன்று குறிகளைத் தரும், ஆக 576. அவற்றை 32 வரிசை, 18 பத்தி கொண்ட கட்டத்தில் மேலிருந்து கீழாக எழுதி, கிடைமட்டமாகப் படித்து அனுப்பும். வழியில் அடுத்தடுத்து 18 குறிகள் அழிந்தாலும், டவர் திரும்ப அடுக்கும்போது அவை பெரும்பாலும் 32 இடத்துக்கு ஒன்றாக விலகி நிற்கும். இந்தக் குறியீட்டில் ஒவ்வொரு குறியும் அப்போதைய பிட்டையும் அதற்கு முந்தைய எட்டு பிட்டுகளையும் பொறுத்தது. 32 குறி என்பது பத்து பிட்டுக்கு மேல். எனவே ஒரு காயம் ஆறிய பிறகே அடுத்தது வரும். விட்டதை ஊகிக்கும் வழிமுறையை 1967-ல் வகுத்தவர் ஆண்ட்ரூ விட்டர்பி; பின்னாளில் குவால்காமை நிறுவியவர்களில் அவரும் ஒருவர்.

கட்டத்தைப் பெரிதாக்கினால் இன்னும் நீளமான பள்ளத்தையும் தாண்டலாமே? தாண்டலாம். ஆனால் கட்டம் நிறையும்வரை காத்திருக்க வேண்டும். உரையாடலில் தாமதம் தட்டும். 20 மில்லிநொடி அந்தப் பேரத்தில் கிடைத்த விலை. ஒரு குறையும் உண்டு: மெல்ல நடப்பவர் அந்த நேரத்தில் இரண்டு செ.மீ. நகர்வதே அதிகம், முழுக் கட்டமும் பள்ளத்திலேயே கிடக்கும். அங்கே இன்டர்லீவிங் உதவாது. அதற்காகத்தான் சக்தியைக் கூட்டு, குறை என்று நொடிக்கு 800 முறை டவர் போனுக்குக் கட்டளை அனுப்பியது.

சிடிஎம்ஏ சேவைகள் மூடப்பட்டுவிட்டன. இன்றைய 5ஜி-யில் பரப்பலும் இல்லை, விட்டர்பியின் வழிமுறையால் திருத்தப்பட்ட அந்தக் குறியீடும் இல்லை. தரவுக்கு எல்டிபிசி என்ற வேறு குறியீடு. பிட்டுகளைக் கலைத்து அனுப்பும் வேலை மட்டும் அதிலும் தொடர்கிறது.