பட்டுப்பூச்சியை யாரும் கேட்காத கேள்வி

காஞ்சிபுரம் காந்தி சாலையில் முகூர்த்த மாதங்களில் எந்தப் பட்டுக்கடைக்குள் போனாலும் ஒரு கேள்வி காதில் விழும். விரித்த வெள்ளைத் துணியின் மேல் கடைக்காரர் சேலையை உதறிப் போடுவார். அரக்குச் சிவப்பு உடல், மயில்கழுத்து நிறக் கரை, சரிகை மின்னும் முந்தானை. அம்மா, அத்தை, பெரியம்மா எல்லோரும் கல்யாணப் பெண்ணின் முகத்தையே பார்ப்பார்கள். "பிடிச்சிருக்காம்மா?" அவள் லேசாக உதட்டைப் பிதுக்கினால் போதும், அந்தச் சேலை மடிந்து ஓரம் போய்விடும். அடுத்தது விரியும். ஐம்பது சேலை புரட்டினாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அங்கே அவளுக்கு முழுசாக இருக்கிறது.

அந்தச் சேலைக்கு இழை தந்த உயிரிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளாக அதற்கு இணை தேடுவது மனிதர்கள்தான். எப்போது சேர வேண்டும், எவ்வளவு நேரம் சேர்ந்திருக்கலாம், எப்போது பிரிய வேண்டும் என்பதும் நம் கையில்தான். காதலைப் பற்றியும் சுதந்திரத்தைப் பற்றியும் யோசிக்கத் தொடங்கும் வயதில் இருப்பவர்கள் இந்தப் பூச்சியின் கதையை ஒருமுறையாவது கேட்க வேண்டும். விருப்பம் என்பது உண்மையில் எதனால் ஆனது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கதவு திறக்காத வீடு

முட்டையிலிருந்து வெளிவரும்போது பட்டுப்புழு ஓர் எறும்பளவுதான். மல்பெரி இலையைத் தின்று, நான்கு முறை தோலுரித்து, நாலு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடையைப் போல ஏறத்தாழ பத்தாயிரம் மடங்காகப் பெருத்துவிடும். பிறகு இலையைத் தொடாது. தலையை எட்டு என்ற எண்ணைப் போல வளைத்து வளைத்து, இரண்டு மூன்று நாள் ஓயாமல் தன்னைச் சுற்றி நூற்கும். ஒரு கூட்டில் இருப்பது ஒரே இழை. நல்ல கூடு என்றால் அது ஆயிரம் மீட்டர்கூட வரும். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரம் 192 அடி. அதைப் போலப் பதினேழு கோபுர உயரம் ஒரு கட்டைவிரல் அளவுக் கூட்டுக்குள் சுருண்டு கிடக்கிறது.

உள்ளே புழு உருமாறுகிறது. விட்டுவைத்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் அது அந்துப்பூச்சியாகி, வாயிலிருந்து ஒரு நொதியைச் சுரந்து, கூட்டின் ஒரு முனையை நனைத்து இளக்கி வெளியே வரும். அப்படி வந்தால் கூட்டில் ஓட்டை விழும். இழையை ஒரே நீளமாக எடுக்க முடியாது. காஞ்சிபுரத் தறியில் பாவாக ஏறும் நூல், பல இழைகளைச் சேர்த்து முறுக்கி வலுவேற்றியது. கோர்வைச் சேலையில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, ஒவ்வோர் ஊடையிலும் கோத்துக்கொண்டே போவார்கள். இழுத்தாலும் கரை பிரியக் கூடாது. அந்த வலுவுக்கு அறுபடாத இழை வேண்டும். ஆகவே பூச்சி வெளிவரும் முன்பே கூடுகளை ஆவியிலோ அனல் காற்றிலோ வைத்துவிடுகிறார்கள். ஒரு கிலோ கச்சாப்பட்டுக்கு ஆறேழு கிலோ கூடு தேவை. ஒரு முகூர்த்தச் சேலைக்கு என்று கணக்குப் போட்டால் இரண்டாயிரம் கூடுகளாவது ஆகும். அத்தனை வீடுகளிலும் கதவு திறக்காமலே போகிறது.

இனம் பார்த்து, நேரம் பார்த்து

எல்லாக் கூடுகளையும் அவித்துவிட்டால் அடுத்த தலைமுறை ஏது? அதற்காகச் சிலவற்றைத் தனியே எடுத்துவைப்பார்கள். அவை வித்துக்கூடுகள். முட்டை உற்பத்தி செய்யும் இடத்தைப் பட்டு வளர்ச்சித் துறையில் வித்தகம் என்பார்கள். பட்டுப்பூச்சியின் காதல் கதை முழுவதும் நடப்பது அங்கேதான்.

உழவர்களுக்கு வேண்டியது கலப்பின முட்டை. தாய் ஓர் இனம், தந்தை வேறோர் இனம் என்றிருந்தால்தான் பிறக்கும் புழு திடமாக வளர்ந்து அதிகம் நூற்கும். அதனால் ஒரே இனத்து ஆணும் பெண்ணும் தற்செயலாகக்கூடச் சேர்ந்துவிடாதபடி, கூட்டுப்புழுவாக இருக்கும்போதே பிரித்துவைப்பார்கள். பெண்ணின் வயிற்றுப் பகுதியில் பெருக்கல் குறி போல மெல்லிய கோடு இருக்கும். ஆணுக்கு ஒரு புள்ளி. பழகிய கை அதைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு தட்டுகளாகப் பிரித்துவிடும்.

பூச்சிகள் விடியற்காலையில், வெளிச்சம் பட்டதும் வெளிவரும். எல்லாம் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்பதற்காக முதல் நாள் இரவை முழு இருட்டாக வைத்து, அதிகாலையில் விளக்கைப் போடுவார்கள். பிறகு ஓர் இனத்துப் பெண்களோடு மற்ற இனத்து ஆண்களை விடுவார்கள். மங்கிய ஒளியில் மூன்று நான்கு மணி நேரம். நேரம் முடிந்ததும் ஒவ்வொரு இணையையும் கையால் மெல்லத் திருகிப் பிரிப்பார்கள். ஆண் பூச்சியைக் குளிரில் வைத்திருந்து இன்னொரு பெண்ணோடு சேர்ப்பதும் உண்டு. பெண் பூச்சி நானூறு ஐந்நூறு முட்டை இடும். அதன் பிறகு அதை அரைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். பெப்ரின் என்ற நோயின் வித்துகள் தென்பட்டால் அது இட்ட முட்டைகளை அழித்துவிடுவார்கள். 1865 முதல் பிரான்சின் பட்டுப் பண்ணைகளில் ஆராய்ந்த லூயி பாஸ்டர், தாயிடமிருந்து முட்டை வழியே பரவும் இந்த நோயைத் தடுக்க வகுத்த முறை இது. இன்றும் பட்டுத் தொழிலைக் காப்பாற்றுவது இதுதான்.

வேலை செய்பவர்கள் யாரும் கொடியவர்கள் அல்லர். அவர்களுடைய கவனத்தால்தான் எத்தனையோ உழவர் குடும்பங்களும் நெசவாளர் குடும்பங்களும் சோறு தின்கின்றன. ஆனாலும் அந்த அறையைப் பூச்சியின் இடத்திலிருந்து பார்த்தால், இளைஞர்கள் விரும்பிப் படிக்கும் இருண்ட எதிர்கால நாவல் ஒன்றின் நடுவே நிற்பது போல இருக்கும்.

ஒரே ஒரு மணம்

அந்த நாவல்களில் அதிகாரம் முதலில் கைவைப்பது ஆசையின் மேல்தான். 1993-இல் வெளிவந்த லோயிஸ் லௌரியின் 'தி கிவர்' நாவலில், முதல் சலனம் தோன்றியதும் பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். 2011-இல் வந்த லாரன் ஆலிவரின் 'டெலிரியம்' நாவலில் காதலே நோய். பதினெட்டு வயதில் அதற்கு அறுவைச் சிகிச்சை.

பட்டுப்பூச்சியின் ஆசையை யாரும் தொடவில்லை. அது அப்படியே இருக்கிறது, கொழுந்துவிட்டு எரிகிறது.

பெண் பூச்சி வெளிவந்ததும் வயிற்று நுனியில் உள்ள சுரப்பியை நீட்டி ஒரு மணத்தை வெளிவிடும். அது என்ன பொருள் என்று கண்டுபிடிக்க ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் புடெனான்டுக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன. ஐந்து லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்து, 1959-இல் அதன் அமைப்பை அறிவித்தார். பதினாறு கார்பன் அணுக்கள் கொண்ட அந்த ஆல்கஹாலுக்கு பாம்பிகோல் என்று பெயர். உலகில் முதன்முதலாக வேதியியல் அமைப்பு தெரியவந்த ஃபெரோமோன், அதாவது ஓர் உயிர் தன் இனத்துக்கு விடும் வேதிச்செய்தி, அதுதான். அந்தச் சொல்லே அதே 1959-இல் பிறந்தது.

புடெனான்டின் வாழ்க்கையிலும் ஒரு நிகழ்வு உண்டு. 1939-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஜெர்மானியர் நோபல் பரிசு வாங்கக் கூடாது என்று ஹிட்லரின் ஆட்சி தடை போட்டிருந்ததால் அவர் மறுக்க நேர்ந்தது. 1949-இல்தான் பட்டயமும் பதக்கமும் கைக்கு வந்தன. தன் உழைப்புக்குக் கிடைத்த பரிசை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையைக்கூட ஓர் அரசு பறித்துக்கொள்ளும் காலமும் இருந்தது.

ஆண் பூச்சியின் உணர்கொம்பு சீப்பு போல இருக்கும். அதில் பல்லாயிரம் நுண்மயிர்கள். பாம்பிகோலின் ஒரே ஒரு மூலக்கூறு வந்து பட்டாலும் நரம்பில் ஒரு துடிப்பு எழும். அப்படிப் பல துடிப்புகள் சேர்ந்ததும் ஆண் சிறகை அடித்துக்கொண்டு, வளைந்து நெளிந்து, மணம் வரும் திசையில் நடக்கத் தொடங்கிவிடும். வாய் உறுப்புகள் பயனற்றுப்போனதால் அது சாப்பிடுவதில்லை. வாழும் சில நாள்களில் அதற்கு இருப்பது இந்த ஒரு வேலைதான்.

இன்னும் வியப்பு உண்டு. 2011-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மரபணு மாற்றத்தின் மூலம், ஆண் பட்டுப்பூச்சியின் உணர்கொம்பில் முட்டைக்கோசுச் செடியைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் மண ஏற்பி ஒன்றைப் பொருத்தினார்கள். பட்டுப்பூச்சி அந்த அந்நிய இனத்துப் பெண்ணின் மணத்தை நாடிப் போனது. ஒரே ஒரு புரதம் மாறியதும் யாரை நாடுவது என்பதே மாறிவிட்டது.

எடுத்துக்கொண்டது எதை?

அப்படியென்றால் அந்தப் பூச்சிக்குச் சுதந்திரம் எப்போதாவது இருந்ததா? இதற்குப் பதில் அதன் காட்டு உறவினரிடம் இருக்கிறது. பாம்பிக்ஸ் மாண்டரினா என்ற காட்டுப் பட்டுப்பூச்சி இன்றும் கிழக்கு ஆசியாவில் வாழ்கிறது. அதன் பெண்ணும் பாம்பிகோலைத்தான் வெளிவிடுகிறது. ஆணும் அதைத்தான் தேடுகிறது. வேதியியல் ஒன்றேதான். ஆனால் காட்டு ஆண் பறக்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு தேடும். காட்டுப் பெண் தனக்குப் பிடித்த மரத்தில், தன் நேரத்தில் அழைக்கும். மரப்பட்டை நிறச் சிறகு அதை மறைத்துக் காக்கும்.

வளர்ப்புப் பூச்சி வெளுத்துப்போயிற்று. உடல் பருத்து, சிறகு இருந்தும் பறக்க முடியாமல் ஆயிற்று. காட்டுப்பூச்சியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில், வளர்ப்புப் பெண்ணுக்குச் சுற்றுப்புற மணங்களை உணரும் ஆற்றல் குறைந்திருப்பது தெரிந்தது. ஆணுக்குப் பாம்பிகோலை உணரும் கூர்மை மட்டும் குறையவில்லை. நமக்கு அது தேவைப்பட்டது, விட்டுவைத்தோம்.

ஐயாயிரம் ஆண்டுகளில் நாம் எடுத்துக்கொண்டவை வேறு: தூரம், நேரம், விலகிப்போகும் வழி. சேர்வதற்கான துடிப்பு அப்படியே இருக்க, சேராமல் இருப்பதற்கான வலு போய்விட்டது. விருப்பத்தின் சுதந்திரம் எங்கே இருக்கிறது என்று இந்தப் பூச்சி காட்டுகிறது. ஈர்ப்பு உடம்பின் வேதியியலிலிருந்து வரலாம். மனிதருக்கும் அப்படித்தான். மனிதரிடம் பாம்பிகோல் போல ஒரே மூலக்கூறு ஒன்று உறுதியாகக் கண்டறியப்படவில்லை என்றாலும், நம் காதலிலும் சுரப்பிகளுக்குப் பங்கு உண்டு. அது நம்மை அடிமையாக்கிவிடாது. "இல்லை" என்று சொல்லிவிட்டு எழுந்து போக வழி இருக்கும்வரை, "ஆம்" என்ற சொல்லுக்கு உயிர் இருக்கிறது.

கூட்டை அவிக்க வேண்டாம் என்றவர்களும் காஞ்சியில் உண்டு. சங்கர மடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி, உயிர்க்கொலை கருதிப் பட்டைத் தவிர்க்கச் சொன்னார். பூச்சியை வெளியே விட்டபின் எடுக்கும் அகிம்சைப் பட்டும் இன்று கிடைக்கிறது. அந்த இரக்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் அந்தப் பூச்சி பறந்துவிடாது. தலைமுறை தலைமுறையாக இழந்த பறக்கும் வலு ஒரே நாளில் திரும்பிவிடாது.

தன் வாயால் சொல்வது

மனிதர்களுக்கும் இது பொருந்தும். இனம் பார்த்து, நேரம் பார்த்து, நாமே சேர்த்துவைக்கும் பழக்கம் வித்தகத்தில் மட்டும் இல்லை. சாதி மாறிக் காதலித்த பிள்ளைகளைப் பெற்றவர்களே கொன்ற செய்திகளை இந்த மாநிலம் படித்திருக்கிறது. வெளியே போகும் வழியை அடைத்துவிட்டு, "அவளே சம்மதித்தாள்" என்று சொல்லும் வீடுகளும் இருக்கின்றன.

அதே காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பத்தில், 1909-இல் பிறந்தவர் அண்ணா. கச்சாப்பட்டு விற்பனைக்காக அரசு நடத்தும் நிலையம் இன்று அந்த ஊரில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1967-இல் முதலமைச்சரானதும் அவர் செய்த பெரிய காரியங்களில் ஒன்று, சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தத் திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் மாலை மாற்றலாம், மோதிரம் அணிவிக்கலாம், தாலி கட்டலாம். அல்லது இவரை என் துணையாக ஏற்கிறேன் என்று இருவரும் தங்களுக்குப் புரிந்த மொழியில் சொல்லலாம். இவற்றில் ஒன்று போதும். புரோகிதர் தேவையில்லை. தங்களுக்குப் புரிந்த மொழியில், தங்கள் வாயால் என்பதுதான் என் நெஞ்சைத் தொடும் இடம். வயது வந்த இருவர் ஒப்பினால் குடும்பமோ ஊரோ சமூகமோ ஒப்புதல் தர வேண்டியதில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது.

துணையைத் தானே தேர்வது காஞ்சிக்குப் புதுச் செய்தி அல்ல. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடியில் அம்பாள் மணலால் லிங்கம் பிடித்துத் தவமிருந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. வெள்ளம் பெருகி வந்தபோது அவள் ஓடவில்லை. லிங்கத்தைக் கட்டித் தழுவிக்கொண்டாள். அதனால் இறைவனுக்குத் தழுவக் குழைந்த நாதர் என்று பெயர். ஓட வழி இருந்தும் நின்றாள் என்பதால்தான் அது காதல் கதை. பங்குனி உத்திரத்தில் ஊர் கூடி நடத்தும் திருக்கல்யாணத்துக்கு வேர் அந்த மரத்தடியில் இருக்கிறது.

பட்டு வாங்கக் காஞ்சிக்குப் போகும் வீட்டாரிடம் நான் கேட்பது ஒன்றுதான். சேலையை விரித்துவிட்டு நீங்கள் கேட்கும் அந்தக் கேள்வியை, நிச்சயதார்த்தத்துக்கு முன்பே, மாப்பிள்ளையைப் பற்றியும் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள். தனியாக, அவசரப்படுத்தாமல் கேளுங்கள். அவள் உதட்டைப் பிதுக்கினால், ஐம்பது சேலை புரட்டியபோது இருந்த அதே பொறுமையோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.