அலுமினியம் சேர்த்தால் இரும்பு இறுகுமா?

டீ ஆறுவதற்குள் ஒரு சங்கதியைப் பார்த்துவிடுவோம். கையிலிருக்கும் எவர்சில்வர் டம்ளரில் பெரும்பங்கு இரும்பு. குரோமியம், நிக்கல் எல்லாம் அதற்குத் துணை. ஒன்று பிரதானம், மற்றவை கொசுறு என்றுதான் காலங்காலமாக உலோகம் கலந்தார்கள். 2004-இல் ஆக்ஸ்போர்டின் பிரையன் கான்டரும் தைவானின் ஜியென்-வெய் யேவும் தனித்தனியே வேறு வழி காட்டினார்கள். இரும்பு, மாங்கனீசு, கோபால்ட், குரோமியம், நிக்கல் ஐந்தையும் சம பங்காக உருக்கியது கான்டர் கலவை. இந்த வகைக்கு 'உயர் என்ட்ரோபி உலோகக்கலவை' என்று பெயர். என்ட்ரோபி என்பதை, அணுக்கள் எவ்வளவு தாறுமாறாகக் கலந்திருக்கின்றன என்பதன் அளவு என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம்.

ஐந்து உலோகம் சேர்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். இல்லை. கான்டர் கலவை மென்மையானது. இழுத்தால் நன்றாக நீளும்.

கடினத்தன்மையை அளப்பது எளிது. பளபளவென்று தேய்த்த பரப்பில் பிரமிடு வடிவ வைர முனையை வைத்து அழுத்தி, விழுந்த பள்ளத்தை நுண்ணோக்கியில் அளக்கிறோம். பள்ளம் சிறிதானால், கடினத்தைக் குறிக்கும் விக்கர்ஸ் எண் பெரிது.

பள்ளம் ஏன் விழுகிறது? அணு வரிசைகள் நழுவுவதால். விரித்த ஜமுக்காளத்தை முழுதாக இழுப்பது சிரமம். ஒரு சுருக்கத்தை உண்டாக்கித் தள்ளினால் சுலபமாக நகரும். உலோகத்துக்குள்ளும் வரிசைப் பிசகு ஒன்று இப்படித்தான் ஓடுகிறது. அதை மறிக்கும் அமைப்பு உள்ளே இருந்தால்தான் கடினம். அந்த உள்ளமைப்பே நுண்ணமைப்பு.

யே குழுவினர் இரும்பு, கோபால்ட், குரோமியம், நிக்கல், செம்பு ஐந்தையும் சமமாக எடுத்தபோது விக்கர்ஸ் எண் சுமார் 133. அதில் அணுக் கணக்கில் மற்ற ஒவ்வொன்றையும்விட மும்மடங்கு அலுமினியம் சேர்த்ததும் 655. சேர்த்தது என்னவோ மெத்தென்ற அலுமினியம்! ஆனால் அதன் அணு பெரிது. நிக்கலோடு இறுகப் பிணையும். அதனால் நெருக்கமாக அடுக்கிய, எளிதில் நழுவும் அமைப்பு போய், நழுவ மறுக்கும் வேறு அமைப்பு வருகிறது. அதற்கு விலையும் உண்டு: கடினம் ஏற ஏற, கலவை நொறுங்கும் தன்மைக்குப் போகிறது.

சம பங்கு என்பதும் பிறகு கட்டாயமில்லாமல் போயிற்று. ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட கலவையில் இரும்பு 50 சதவீதம், மாங்கனீசு 30, கோபால்ட்டும் குரோமியமும் தலா 10. இரண்டு அடுக்கு முறைகள் அதில் கூடவே இருக்கின்றன. இழுக்க இழுக்க ஒன்று மற்றொன்றாக மாறி, கலவை அறுந்துபோகாமல் உறுதியாகிறது. ஆகவே அடுத்த முறை யாராவது புதுக் கலவை என்று சொன்னால், எத்தனை உலோகம் என்று கேட்பதோடு நிற்காமல், உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறது என்றும் கேளுங்கள்.