ஸ்கூப்புக்கு முன்னால் பில்

"மாஸ்டர், இத ஒர்க்அவுட்டுக்கு முன்னாடி குடிக்கணுமா, பின்னாடியா?"

நெய்வேலியில் ஜிம்முக்குப் புதிதாக வருகிற பையன் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். டவுன்ஷிப் வட்டங்களுக்குள்ளே என்றாலும் சரி, ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்திரா நகர், வடக்குத்து, மந்தாரக்குப்பம் என்றாலும் சரி. பதிலும் தயாராக இருக்கும்: கடைசி செட் முடித்த அரை மணி நேரத்துக்குள். பல இடங்களில் அந்தப் பதிலோடு டப்பாவும் மாஸ்டரிடமே கிடைக்கும்.

நேரத்தைப் பற்றிய கேள்விக்கு விடை சிறியது. டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் பெரிய கேள்வி. அதை யாரும் கேட்பதில்லை.

வே புரோட்டீன் என்பது பாலின் ஒரு பகுதி. பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், மீதி ஒரு பங்கு வே. பாலாடைக்கட்டி செய்யும் ஆலையில் கட்டி ஒரு பக்கம் போக, வடிந்து நிற்கும் தெளிந்த நீரை வடிகட்டிச் செறிவாக்கி உலர்த்தினால் இந்தப் பொடி. கான்சன்ட்ரேட் என்றால் புரதம் அதிகபட்சம் 80 சதவீதம் வரை இருக்கும். ஐசோலேட் என்றால் 90 சதவீதத்தை ஒட்டி இருக்கும், லாக்டோஸ் குறைவு. பால் குடித்தால் வயிறு உப்பும் ஆளுக்கு ஐசோலேட் ஒத்துக்கொள்ளலாம். பால் ஒவ்வாமையே உள்ளவருக்கு இரண்டுமே ஆகாது. வீட்டில் பன்னீர் செய்து வடித்த தண்ணீரைக் குடித்தாலே போதும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். அதில் லிட்டருக்குச் சில கிராம் புரதம்தான் தேறும். ரசத்தில் சேர்க்கலாம், உடம்பு ஏறாது.

இனி நேரம். அரை மணிக்குள் குடிக்காவிட்டால் உழைப்பு வீண் என்ற நம்பிக்கையை 2013-ல் பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் பல ஆய்வுகளைச் சேர்த்துச் சரிபார்த்தார்கள். நாள் முழுக்கச் சாப்பிட்ட புரதத்தின் அளவைக் கணக்கில் எடுத்ததும் நேரத்தின் தாக்கம் காணாமல் போயிற்று. 2018-ல் 49 ஆய்வுகளைத் தொகுத்த இன்னொரு ஆய்வு, எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் வரைதான் புரதத்தால் பலன் கூடுகிறது, அதற்கு மேல் போட்டாலும் தசை கூடுவதில்லை என்றது. ஆக, நாளைக்கு எவ்வளவு என்பது முதலில். அதை மூன்று நான்கு வேளையாக, வேளைக்கு 20 முதல் 30 கிராமாகப் பிரிப்பது அடுத்து. முன்னாடியா பின்னாடியா என்பது கடைசி. பயிற்சிக்கு முன்னும் பின்னும் சில மணி நேரத்துக்குள் ஒரு நல்ல சாப்பாடு இருந்தால் ஸ்கூப்புக்கு அவசரமே இல்லை. காலை ஷிப்ட் முடித்து வந்து மதியம் சோறு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு நாலு மணிக்கு ஜிம்முக்குப் போகிறவருக்கு ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு முட்டை சேர்ந்தால் போதும். இரவு ஷிப்ட் முடித்து நேராக ஜிம்முக்கு வருகிறவர் கதை வேறு. வெறும் வயிறு, தூக்கமும் பாக்கி. அவருக்கு ஒரு ஸ்கூப் கைகொடுக்கும். அதைவிடத் தூக்கம் கைகொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை, சுரங்கத்திலும் அனல் நிலையத்திலும் வேலை செய்பவர்களுக்கு. பொடியை வீட்டிலேயே கலக்கி ஷேக்கரில் எடுத்துப் போய் ஷிப்ட் முடிந்து குடிக்கும் பழக்கம் இருக்கிறது. கலக்கிய வே என்பது பால் மாதிரிதான். மே மாத வெயிலில் சில மணி நேரம் பைக்குள் கிடந்தால் கெட்டுப்போகும். சாக்லேட் வாசனை அதை மறைத்துவிடும். பொடியைச் சின்ன டப்பாவில் உலர்வாக எடுத்துப் போய், குடிக்கிற நேரத்தில் கலக்குங்கள். ஈரக் கரண்டியைப் பெரிய டப்பாவுக்குள் விடாதீர்கள்.

உங்களுக்கு இது தேவையா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 கிலோ எடை. சாதாரண வாழ்க்கைக்கு ஐ.சி.எம்.ஆர். சொல்லும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது நாளைக்கு 54 கிராம். ஒழுங்காக எடை தூக்கினால் 100 கிராமை ஒட்டி. நாலு இட்லி சாம்பார், மதியம் சோறும் குழம்பும் தயிரும், ஒரு முட்டை, இரண்டு டீ, ராத்திரி மூன்று தோசை என்று ஓடுகிற நாளில் 50 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். பாதி இடைவெளி இருக்கிறது என்பது உண்மை. ஜிம் மாஸ்டர் சொல்வதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் இன்னும் இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கை மல்லாட்டை (வேர்க்கடலை), சரியாகச் சொன்னால் 50 கிராமில் 12, ஒரு டம்ளர் ஆவின் பாலில் 6, நூறு கிராம் மீனிலோ கோழியிலோ 20. இடைவெளி அடைபட்டுவிட்டது. ஒரு கிலோ டப்பா 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 33 கிராம் ஸ்கூப் ஒன்று 80 ரூபாய்க்கு மேல். அதில் வரும் புரதம் 24 கிராம். மீன், கோழியை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் வாங்க அதில் பாதி போதும், புரதமோ 30 கிராம். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மாதம் 2,500 ரூபாயைப் பொடிக்குக் கொடுப்பதற்கு முன் இந்தக் கூட்டல் அவசியம். சைவம் சாப்பிடுபவர், கொழுப்பைக் குறைத்துக்கொண்டே தசையைக் காக்க வேண்டியவர், சமைக்க நேரமில்லாதவர் ஆகியோருக்கு வே வசதியானது, அதை மறுக்கவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டியோ இன்னும் கறாராக, உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பொடிகளைத் தவிர்க்கச் சொல்கிறது. அதில் சேரும் சர்க்கரை, இனிப்பூட்டிகள், பிற சேர்மானங்கள் ஒரு காரணம். அளவு மீறிய புரதம் சிறுநீரகத்துக்கும் எலும்புக்கும் ஆகாது என்பது இன்னொன்று.

இதுவரை சொன்னதெல்லாம் டப்பாவுக்குள் நிஜமாகவே வே இருக்கிறது என்ற அனுமானத்தில்.

கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியக் ஏபி பிலிப்ஸும் கூட்டாளிகளும் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளை வாங்கிப் பரிசோதித்து, 2024 ஏப்ரலில் 'மெடிசின்' என்ற மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவும் உள்ளே இருந்ததும் பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. 14 சதவீதத்தில் அஃப்ளாடாக்சின், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சம். அஃப்ளாடாக்சின் என்றால் என்னவென்று விருத்தாசலம் பக்கத்து விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை. ஈரத்தோடு மூட்டை கட்டிய மல்லாட்டையில் பிடிக்கிற பூஞ்சையின் நஞ்சு அது, கல்லீரலைத் தாக்கும். பத்து ரூபாய் மல்லாட்டையில் பூஞ்சை இருந்தால் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும், பொறுக்கி எறியலாம். பொடியில் முடியாது.

புரதத்தை ஏமாற்றுவது எப்படி? ஆய்வுக்கூடங்கள் வழக்கமாகப் புரதத்தை நேராக அளப்பதில்லை, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து கணக்கிடுகின்றன. ஆகவே மலிவான கிளைசின், டாரின் போன்றவற்றைக் கலந்தால் நைட்ரஜன் கூடும், சோதனைத் தாளில் புரதம் கூடிய மாதிரி தெரியும். சீனாவில் 2008-ல் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் போட்டது இதே சூட்சுமம்தான். சுமார் மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். டப்பாவில் அமினோ அமிலப் பட்டியல் இருந்தால் லூசின் என்ற வரியைப் பாருங்கள். நல்ல வேயில் 25 கிராம் புரதத்துக்கு லூசின் இரண்டரை கிராம் அளவில் வரும். வெகுவாகக் குறைந்தாலோ, பட்டியலே இல்லாவிட்டாலோ, சேர்மானங்களில் கிளைசினோ டாரினோ தனியாக எழுதியிருந்தாலோ யோசியுங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரிசையாகத்தான் அச்சிட வேண்டும் என்பது விதி. 'மாஸ் கெய்னர்' டப்பாக்களில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின் என்றிருக்கும். புரத விலைக்கு மாவுச்சத்து.

லேபிளில் இன்னும் சில இருக்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் முத்திரையோடு 14 இலக்க உரிம எண். அந்த ஆணையத்தின் ஃபாஸ்கோஸ் இணையதளத்தில் அதைப் போட்டால் யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். இது மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்ற வாசகம், பலவகை உணவுக்கு இது மாற்று அல்ல என்ற வாசகம். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி. "துபாய்லேர்ந்து ஃப்ரெண்டு கொண்டு வந்தது, டியூட்டி இல்லாம வந்ததால விலை கம்மி" என்று நீட்டப்படும் டப்பாவில் அது இருக்காது. இருக்காது என்றால் நாளைக்குப் பதில் சொல்ல ஆளும் இருக்காது. பெரிய டப்பாவிலிருந்து பாலித்தீன் கவரில் பிரித்துக் கட்டித் தருவது இன்னும் மோசம். ஜிம் என்றாலும் உணவுப் பொருள் விற்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ வேண்டும். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. டப்பாவைத் தாண்டி மாத்திரையோ ஊசியோ தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது உணவுப் பாதுகாப்பு விஷயமே அல்ல. அறுவைச் சிகிச்சையில் ரத்த அழுத்தம் விழுந்தால் போடும் மெஃபென்டர்மின் ஊசி ஜிம்களில் புழங்குவது இதயத்தோடு விளையாடுவது.

யார் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது? சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீண்ட நாள் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கல்லீரல் நோயாளிகள். சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சட்டப்படி காலமுறை மருத்துவப் பரிசோதனை உண்டு. அந்த அறிக்கையை ஃபைலில் போட்டு மறக்காமல் எடுத்துப் பாருங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் வேயோடு நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. கிரியேட்டினும் சேர்த்து எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். கிரியேட்டினின் அளவு கூடித் தெரியும். பிளஸ் டூ பையன்களுக்குப் பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று: 2020-ல் லண்டனில் இந்திய வம்சாவளிச் சிறுவன், 16 வயது, புரத பானம் குடித்தபின் நோயுற்று மூன்றே நாளில் இறந்தான். உடம்பில் புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவை வெளியேற்ற முடியாத அரிய பரம்பரைக் குறைபாடு அவனுக்கு இருந்தது, யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. மிக அரிதாகவே வருவது, பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் புரதம் அதிகமாகச் சாப்பிட்டதும் வாந்தி, குழப்பம், நினைவு தடுமாற்றம் என்று வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

சரி, வாங்கி ஏமாந்தாயிற்று. என்ன செய்வது?

டப்பாவைத் தூக்கி எறியாதீர்கள். மீதிப் பொடி, சீல், பேட்ச் எண், பில், ஜிபே ரசீது எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற போர்டும் குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் கடைக்காரர் திரும்பப் பெற்றாக வேண்டும்.

முதல் புகார் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு. புகைப்படத்தோடு அனுப்பலாம். கடலூர் மாவட்ட நியமன அலுவலரின் கீழுள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து மாதிரி எடுக்க அதிகாரம் உள்ளவர். அவர் எடுக்காவிட்டாலும் வழி உண்டு, பலருக்குத் தெரியாத வழி: உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு. எந்த வாடிக்கையாளரும் கட்டணம் கட்டி அரசின் உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதிக்கலாம். ஒரே நிபந்தனை, பரிசோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் விதிக்கு மாறானது என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். இப்படிச் சொன்னதுமே டப்பாவை உள்ளே எடுத்து வைத்துக்கொள்ளும் கடைக்காரரைப் பார்த்தால் பரிசோதனைச் செலவும் மிச்சம்.

தவறான லேபிளுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரையும், ஏமாற்றும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். அது அரசுக்குப் போகும். உங்கள் பணமும் இழப்பீடும் வேண்டுமென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்த்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். தேவைப்பட்டால் ஆணையமே மாதிரியை சீல் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும், 45 நாளில் அறிக்கை வர வேண்டும். அந்தப் பரிசோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பதால், பொடி விற்ற கம்பெனி டெல்லியில் இருந்தாலும் அது கடலூர் ஆணையத்தில்தான் பதில் சொல்லியாக வேண்டும்.