பொறுக்கக் கூடாத தலைவலி

காலையில் மலைக்குப் போன பெண், பதினொரு மணியளவில் கூடையை இறக்கிவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். "வெயில் பட்டிருக்கும்" என்கிறார்கள் பக்கத்து நிறைக்காரர்கள். இடையில் போனால் அரைப்பேர்தானே என்ற கவலை அவளுக்கு. தைலம் தடவி, பனடோல் விழுங்கி, மாலைவரை சமாளிக்கிறாள். பசறையிலும் அப்புத்தளையிலும் நாம் காணும் காட்சிதான் இது. அநேகமான தலைவலிகள் இப்படியே தீர்ந்தும்விடும். ஆனால், ஒருவகைத் தலைவலியை மட்டும் பொறுத்திருக்கக் கூடாது.

மூளையின் நாடிச் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பழைய சைக்கிள் டியூப் போலப் புடைப்பதுண்டு. இதனை 'அனியூரிசம்' என்பர். வெடிக்காமலே இருந்துவிடுபவை பல. வெடித்தால் மூளையைச் சுற்றி இரத்தம் கசியும். ஆண்களைவிடப் பெண்களிடமே இது அதிகம். உயர் இரத்த அழுத்தமும் புகைத்தலும் ஆபத்தைக் கூட்டும். நெருங்கிய இரத்த உறவினருக்கு இருந்திருந்தாலும் கவனம் தேவை.

முன்பெல்லாம் மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் 'கிளிப்' பொருத்துவார்கள். 1937இல் அமெரிக்க வைத்தியர் வோல்டர் டேண்டி இம்முறையைத் தொடக்கினார். 1990இல் இத்தாலிய வைத்தியர் குய்டோ குலியெல்மியின் முறை முதன்முதலாக நோயாளியொருவருக்குப் பயன்பட்டது. இதில் தலையைத் திறப்பதில்லை. தொடையிடுக்கு நாடியினூடாக மெல்லிய குழாயொன்றை, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே மூளைவரை செலுத்துவார்கள். அதன் வழியே தலைமயிர் போன்ற பிளாட்டினம் சுருளைப் புடைப்பினுள் நிரப்புவார்கள். உள்ளே இரத்தம் உறைந்து புடைப்பு அடைபடும்.

இரு முறைகளுக்கும் ஏற்ற 2,143 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. ஓராண்டின் பின் இறந்தோரும் பிறர் உதவியில் வாழ்ந்தோரும் கிளிப் முறையில் நூற்றுக்கு 31 பேர். சுருள் முறையில் 24 பேர். எனினும் சில புடைப்புகளுக்குக் கிளிப்பே பொருத்தம். சுருள் வைத்தவர்கள் பின்னர் பரிசோதனைக்குத் தவறாமல் போகவும் வேண்டும்.

சகோதரிகளே, எந்தச் சிகிச்சையும் நேரத்தோடு போனால்தான் பயன் தரும். முதல் நாளிலேயே மீண்டும் இரத்தம் கசியும் ஆபத்து மிக அதிகம். வாழ்நாளில் கண்டிராத தலைவலி இடி விழுந்தாற்போல் திடீரென வந்தால், வாந்தி, பிடரி விறைப்பு, இமை சரிதல், மயக்கம் இவற்றில் எது சேர்ந்தாலும் தாமதிக்காதீர்கள். டிஸ்பிரின் கொடுக்க வேண்டாம். அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். "திடீரென்று வந்த தலைவலி" என்பதை மறவாமல் சொல்லுங்கள். பதுளை வைத்தியசாலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, அடுத்து எங்கே போவதென்று வைத்தியர்கள் தீர்மானிப்பார்கள்.

தோட்ட டிஸ்பென்சரியில் பிரஷரைப் பார்த்துக்கொள்வதும் இன்றே செய்யக்கூடிய காரியம். அரைப்பேர் போனால் நாளை உழைத்துக்கொள்ளலாம். வீட்டுக்கு நாம் வேண்டும்.