பிரசங்கத்தைத் தாண்டி ஒரு கதை

மதப் பிரசாரம் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவ நாவல்கள் இந்திய நாவலின் பிறப்போடு பின்னிக் கிடக்கின்றன. கொல்கத்தாவில் எழுதப்பட்ட சிலவற்றை இன்றும் எடுத்துப் படிக்கலாம்.

வங்காள நாவல் எப்போது பிறந்தது? 1865இல், பங்கிம் சந்திரரின் ‘துர்கேச நந்தினி’யோடு என்பது பலரும் சொல்லும் பதில். இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் 1858க்குப் போவார்கள். பியாரி சந்த் மித்ராவின் ‘ஆலாலேர் கரேர் துலால்’ புத்தகமாக வந்த ஆண்டு அது. ஆனால் இரண்டுக்கும் முன்பே, 1852இல், கல்கத்தாவில் ஒரு வங்காளக் கதைப் புத்தகம் அச்சாகிவிட்டது. பெயர் ‘பூல்மணி ஓ கருணார் பிபரண்’. அதாவது பூல்மணி, கருணா ஆகியோரின் விவரம். எழுதியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வெளியிட்டது கிறிஸ்தவப் பிரசுர சங்கம். வங்க இலக்கிய உலகம் இதை நூறு ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் இருந்ததற்கு இந்த இரண்டு காரணங்களே போதுமானதாக இருந்தன.

ஹானா கேதரின் மல்லன்ஸ் 1826இல் கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை லக்ருவா, லண்டன் மிஷனைச் சேர்ந்த சுவிட்சர்லாந்துக்காரர். ஹானாவுக்கு வங்காளம் வந்தது இலக்கணப் புத்தகத்திலிருந்து அல்ல. வீட்டு வேலைக்காரர்களின் பேச்சிலிருந்து. பன்னிரண்டு வயதிலேயே பவானிபூர் பெண்கள் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பிற்பாடு, பூத்தையல் கற்றுத் தரும் சாக்கில், வெளி ஆட்கள் நுழைய முடியாத அந்தப்புரங்களுக்குள்ளும் போய்வந்தார். அவர் எழுத்தில் வீட்டு வாசலும் அடுப்படியும் உயிரோடு இருப்பதற்கு இதுதான் காரணம்.

கதை எளிமையானது. இருவரும் வங்காளக் கிறிஸ்தவப் பெண்கள். பூல்மணி பக்தியும் பொறுப்பும் உள்ளவள். அவள் வீடு துப்புரவாக இருக்கும், முற்றத்தில் பூச்செடிகள். கருணாவின் வீட்டில் அழுக்கும் சண்டையும்தான். ஒரு மேம்சாகிப் இருவர் வீட்டுக்கும் போய்வந்து கதையைச் சொல்கிறார். பட்டுத் தெளிந்து கருணா மெல்ல மெல்ல மாறுகிறாள்.

இன்றைய வாசகருக்கு இதில் நெருடும் இடங்கள் நிறைய. துடைப்பத்தையும் தேவ பக்தியையும் ஒரே தராசில் நிறுத்துகிற பார்வை ஒன்று. ஏழைப் பெண்ணின் வாழ்க்கைக்கு வெள்ளைக்கார எஜமானி மதிப்பெண் போடும் தோரணை இன்னொன்று. போதாததற்கு, ஓர் ஆங்கில நூலைத் தழுவியே இது எழுதப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 1950களின் இறுதியில் சித்தரஞ்சன் பந்தோபாத்யாய் இதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தபோது, ‘முதல் நாவல்’ என்ற பட்டத்தைக் கொடுக்கலாமா கூடாதா என்ற சர்ச்சை கிளம்பியது. அது இன்னும் முடிந்தபாடில்லை.

பட்டம் கிடக்கட்டும். ராஜகுமாரியும் தேவதையும் இல்லாமல், சமைத்து, சண்டை போட்டு, பிள்ளை வளர்க்கிற சாதாரணப் பெண்களை நடுநாயகமாக வைத்து 1852இல் ஒரு நீண்ட உரைநடைக் கதை வந்ததே, அதுதான் விசேஷம்.

நான்கு மொழிகளில் ஒரே கதை

இந்தப் புத்தகத்தின் பயணம் வங்காளத்தோடு நிற்கவில்லை. ஜோசப் பீட் என்ற மிஷனரி 1858இல் மலையாளத்துக்குக் கொண்டுபோனார். சந்து மேனனின் ‘இந்துலேகா’ வருவதற்கு 31 ஆண்டுகள் முன்பு! மராத்தியில் 1857இல் வந்த ‘யமுனா பர்யடன்’ கிறிஸ்தவராக மாறிய பாபா பத்மன்ஜி எழுதியது. விதவைகளின் அவலத்தைப் பேசிய கதை அது. கணவனை இழந்த யமுனா மறுமணம் செய்துகொள்கிறாள். அந்தக் காலத்தில் இப்படி எழுதுவதற்கே தனித் துணிச்சல் வேண்டும்.

தமிழிலும் அப்படித்தான். 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். ஆனால் அவர் யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. பிரதாபனையும் ஞானாம்பாளையும் வைத்து, தெய்வ நம்பிக்கை, நீதி, நகைச்சுவை எல்லாவற்றையும் கலந்து விருந்து படைத்தார். ஆண் வேடத்தில் அரசாளும் ஞானாம்பாளை இன்றைக்கும் ரசிக்கலாம்.

நான்கு மொழிகளிலும் நாவலின் தொடக்கத்தில் கிறிஸ்தவர்கள் நிற்பது தற்செயல் அல்ல. அச்சகமும் பெண்கள் பள்ளியும் மிஷன்களிடம் இருந்தன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தனி மனது தடுமாறி, யோசித்து, மாறுவதைச் சொல்வதுதான் மனமாற்றக் கதை. நாவலின் வேலையும் ஏறக்குறைய அதுவே.

தோருவின் இரண்டு காதல்கள்

காதலையும் விசுவாசத்தையும் ஒருங்கே தேடுகிறவர்கள் போக வேண்டிய இடம் தோரு தத். கல்கத்தா ராம்பகான் தத் குடும்பத்தில் 1856இல் பிறந்தவர். 1862இல் குடும்பமே ஞானஸ்நானம் பெற்றது. பிரான்சிலும் இங்கிலாந்திலும் படித்துத் திரும்பிய தோருவைக் காச நோய் தின்றது. 1877 ஆகஸ்ட் 30 அன்று, 21 வயதில், இறந்துபோனார். மாணிக்தலா கிறிஸ்தவக் கல்லறையில் அடக்கம். அண்ணனையும் அக்காவையும் அவருக்கு முன்பே சாவு கொண்டுபோயிருந்தது.

மகள் போன பிறகு தந்தை கோவின் சந்தர், அவள் விட்டுச்சென்ற தாள்களில் இரண்டு நாவல்களைக் கண்டார். ஒன்று ஆங்கிலத்தில் ‘பியாங்கா’, பாதியில் நின்றது. மற்றொன்று பிரெஞ்சு மொழியில், முழுமையாக: ‘மத்மோசெல் தார்வேரின் நாட்குறிப்பு’. 1879இல் பாரிஸில் வெளியான இதுதான் இந்தியர் ஒருவர் பிரெஞ்சில் எழுதிய முதல் நாவல்.

கான்வென்ட் படிப்பு முடித்து வீடு திரும்பும் மார்கரித், இளம் பிரபு ஒருவனிடம் மனதைப் பறிகொடுக்கிறாள். அவனோ வேலைக்காரப் பெண்மீது மோகம் கொண்டு, அதே பெண்ணை விரும்பிய தம்பியைக் கொன்று, சித்தம் கலங்கி, தற்கொலை செய்துகொள்கிறான். வெகு நாளாகத் தன்னை நேசித்த லூயியை மார்கரித் மணக்கிறாள். குழந்தை பெற்றதும் இறக்கிறாள். சினிமாக் கதைபோல இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் படிக்கும்போது அப்படி இல்லை. ஜெபம் செய்தால் காதல் கைகூடும் என்று தோரு எங்கும் ஆசை காட்டுவதில்லை. கைகூடாத பிறகும் ஒருத்தி கடவுளோடு பேசிக்கொண்டிருக்க முடியுமா என்பதே அவர் கேள்வி. தன் வீட்டில் இரண்டு சாவுகளைப் பார்த்த பெண் கேட்பது என்பதால் அதற்குக் கனம் கூடுகிறது.

அமெரிக்காவில் இன்று கிறிஸ்தவக் காதல் நாவல் ஒரு பெரிய வியாபாரம். 1979இல் ஜேனட் ஓக், 1991இல் ஃபிரான்சின் ரிவர்ஸ் போன்றவர்கள் போட்ட பாதை அது. அந்த நாவல்களில் கடைசிப் பக்கம் பெரும்பாலும் சுபம். தோருவின் கடைசிப் பக்கம் அப்படி ஆறுதல் தருவதில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் தோருவின் நாட்குறிப்பு. என். கமலாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2005இல் வந்தது. ‘பியாங்கா’வை 2006இல் சந்தனி லொக்குகே பதிப்பித்த தோரு தொகுதியில் காணலாம். அடுத்து, சென்னையில் வாழ்ந்து 1894இல் மறைந்த கிருபாபாய் சத்தியநாதனின் ‘சகுணா’. கிறிஸ்தவக் குடும்பத்தில் வளரும் ஒரு பெண்ணின் படிப்பு, நோய், காதல் எல்லாம் தன் வரலாறாகவே விரியும். வெள்ளைக்காரர்களின் அலட்சியத்தையும் அவர் மறைக்கவில்லை.

மூன்றாவதாக, பாதிரியார் லால் பிஹாரி டே 1874இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘கோவிந்த சாமந்தா’. ‘பியாங்கா’ முதலில் வெளியானதும் அவர் ஆசிரியராக இருந்த ‘பெங்கால் மேகசின்’ பத்திரிகையில்தான். மதம் மாற்றும் கதை அல்ல இது. வங்காளக் குடியானவனின் வாழ்க்கை. சார்லஸ் டார்வினே படித்துவிட்டுப் பாராட்டிய நாவல்.

பூல்மணியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். பிரசங்கப் பகுதிகளில் பொறுமை வேண்டும். ஆனால் கருணா அடுத்த வீட்டுக்காரியிடம் வாயாடும் இடம் வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். மேம்சாகிப் சொல்லிக்கொடுத்த பாடத்தைவிட, அவர் காதில் விழுந்த பேச்சுக்குத்தான் ஆயுசு அதிகம்.